பழைய அரசுக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்குதல்: வேலைகளின் வரிசையும் வழக்கமான தவறுகளும்

ஆட்சியர் அலுவலகமாகவோ தாலுகா கச்சேரியாகவோ கருவூலமாகவோ நீதிமன்றமாகவோ பல தலைமுறைகள் இயங்கி, அலுவலகம் புதிய வளாகத்துக்குப் போனதும் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. அவற்றுள் ஒன்றை அருங்காட்சியகமாக்கும் பொறுப்பு அதிகாரியாகவோ பொறியாளராகவோ குழு உறுப்பினராகவோ உங்களிடம் வந்திருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்கானது.

இப்பணிக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் கண்ணாடிப் பெட்டிகளுக்கு விலைப்புள்ளி வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் சுவர் ஈரத்தை இழுத்து, பெட்டிக்குள் பூஞ்சை பிடித்த பிறகே கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். கீழே தரப்பட்டுள்ள வரிசையில் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு அடித்தளம் என்பதால், நிதி எப்போது வந்தாலும் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. உரிமையும் சட்டநிலையும்

நிலம் வருவாய்த் துறையின் பெயரிலும், கட்டடம் பொதுப்பணித்துறையின் சொத்துப் பதிவேட்டிலும், சாவி கடைசியாகக் குடியிருந்த துறையின் கையிலும் இருப்பது வழக்கம். புல வரைபடம், அ-பதிவேட்டின் (நிலத்தின் உரிமையையும் வகைப்பாட்டையும் காட்டும் கிராமப் பதிவேட்டின்) நகல், கட்டடத்தை ஒப்படைக்கும் எழுத்துமூல ஆணை ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் சேரும்வரை எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. பாதி வேலையில் இன்னொரு துறை வந்து பின்கட்டும் ஆவண அறையும் தன்னுடையவை என்று கேட்டால், அதுவரை போட்ட திட்டம் முழுவதும் கலைந்துவிடும்.

அடுத்து, கட்டடம் 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதா, 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதா, இரண்டிலும் சேராததா என்பதை எழுத்தில் பெறுங்கள். பாதுகாக்கப்பட்டது என்றால், உரிய தொல்லியல் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆணியும் அடிக்க முடியாது.

தன் கட்டடம் பட்டியலில் இல்லை என்றதும் பலர் இந்தக் கோப்பை மூடிவிடுகிறார்கள். அடுத்த தெருவில் இருக்கும் கோயிலை மறந்துவிடுகிறார்கள். 2010-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் கொள்ளப்படுகின்றன. உங்கள் கட்டடம் அந்த எல்லைக்குள் விழுந்தால், பழுதுபார்ப்புக்கும் முன் அனுமதி தேவை.

கடைசியாக ஒன்று. திறந்த பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும், சாவி எந்தப் பதவியிடம் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை இல்லாவிட்டால் திட்டத்தைத் தள்ளிவைப்பதே நேர்மை. திறப்பு விழாவுக்குப் பின் பூட்டப்படும் அருங்காட்சியகம், பூட்டியே கிடந்த அலுவலகத்தைவிட விரைவாகச் சிதையும், ஏனெனில் அதற்குள் இப்போது பொருள்களும் இருக்கின்றன.

2. முதல் நாள் துப்புரவை நிறுத்துங்கள்

சாவி கைக்கு வந்ததும் நடக்கும் முதல் தவறு, ஆட்களை விட்டு உள்ளே இருப்பதை எல்லாம் வாரி முற்றத்தில் குவிப்பதாகும். உடைந்த நாற்காலிகள், துருப்பிடித்த தராசு, தபால் பைகள், மாறிமாறிப் பொறுப்பேற்ற அதிகாரிகளின் பெயர்கள் எழுதிய மரப்பலகை, வெண்கல மணி, மை படிந்த சாய்மேசை ஆகியவை கழிவு ஏலப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு அருங்காட்சியகத்தில் வைக்கப் பொருள் இல்லை என்று வெளியூரில் தேடுவார்கள்.

எதையும் நகர்த்துவதற்கு முன் அறைகளுக்கு எண் கொடுங்கள். தலைவாசலில் தொடங்கி வலம்வரும் வரிசையில் எண்ணிட்டு, அதே எண்ணைக் கதவு நிலையில் கட்டிய அட்டையிலும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் அறை எண்ணோடு சேர்ந்த ஓர் எண்ணை நூலில் கட்டிய அட்டையில் தர வேண்டும். பசைத்தாளை ஒட்டினால் அது மரத்தின் மெருகையும் சேர்த்து உரித்துவிடும்.

அறை எண்ணை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கருவூல அறையில் கிடந்த தராசு, நாணயம் எடைபோட்ட தராசாக இருக்கலாம்; அதே தராசு முற்றத்துக் குவியலில் கிடந்தால் வெறும் தராசுதான். இடத்தைப் பற்றிய செய்தி ஒருமுறை அறுந்தால் அதை மீட்க வழியில்லை.

கோப்புகளைத் தனியே கையாள வேண்டும். அழிக்கத்தக்கவை எவை என்று அந்தந்தத் துறையின் ஆவண விதிகள்தாம் சொல்ல முடியும். குழு உறுப்பினர் எவரும் முடிவுசெய்யக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் பொதுவாக நூறாண்டுப் பழமையை அளவாகக் கொண்டாலும், வரலாற்று, அறிவியல், இலக்கிய, அழகியல் மதிப்புடைய கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டையே அளவாக வைத்திருக்கிறது. கரையான் அரித்த கட்டு என்று எரித்துவிட்டுப் பிறகு விளக்கம் எழுதுவதைவிட, அந்தக் கட்டைக் காடாத் துணியில் சுற்றித் தரையிலிருந்து உயர்த்தி ஓர் அறையில் பூட்டிவைப்பது எளிது.

3. அளவெடுத்தலும் தடயம் தேடுதலும்

கட்டடத்தின் இன்றைய நிலையைக் காட்டும் அளவு வரைபடம் இல்லாமல் மதிப்பீடு தயாரிக்கக் கூடாது. பழைய அறைகள் சதுரமாகத் தோன்றினாலும் சதுரமாக இருப்பதில்லை. ஆகவே நீள அகலத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். சுவரின் கனத்தைக் கதவு நிலைகளில் அளந்து, தரைமட்டத்தை உள்ளும் புறமும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மட்டக் கணக்கு 5-ஆம் படியில் தேவைப்படும்.

விரிசல்களை உடனே பூசி மறைப்பது அடுத்த தவறு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் பதித்து, தேதியையும் விரிசலின் அகலத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். வடகிழக்குப் பருவமழையையும் கோடையையும் தாண்டிய ஒரு முழு ஆண்டில் கண்ணாடி உடையாவிட்டால் அது பழைய விரிசல். உடைந்தால் அடித்தளத்தில் இன்னும் அசைவு இருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வரைபடம் போடும்போதே கட்டடத்தின் தடயங்களைத் தேடுங்கள். வராந்தாவை ஒட்டிய சுவரில் உயரத்தில் ஒரு சிறு துளையும், அறைக்குள் அதற்கு நேரே கூரையில் கொக்கிகளும் இருந்தால், அது பங்கா, அதாவது கயிற்றால் இழுத்து ஆட்டும் துணி விசிறி, தொங்கிய அறை. வெளியே அமர்ந்தவர் கயிற்றை இழுத்தது அந்தத் துளை வழியாகத்தான். வேலைக்கு வருபவர்கள் முதலில் சிமென்ட் வைத்து அடைப்பதும் அந்தத் துளையையே. அடைக்கப்பட்ட கதவு, கம்பி அறுத்த அடையாளம், பணம் கட்டிய சாளரத்தின் தேய்ந்த விளிம்பு, காவலர் நின்ற இடத்துக் கல்லின் பள்ளம் எல்லாம் வரைபடத்தில் ஏற வேண்டும்.

அந்த அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்களை அழைத்து, அறை அறையாக நடந்தபடியே பேசச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் பதவி உயர்வு பற்றிப் பேசுவார்கள். அறைக்குள் நின்றால் எந்த மூலையில் எந்த அலமாரி இருந்தது என்று சொல்வார்கள்.

எழுத்து ஆவணங்களுக்கு, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளையும் பொதுப்பணித்துறையின் நடவடிக்கைக் குறிப்புகளையும் தேட வேண்டும். கட்டடத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, ஏனெனில் பதிவுகளில் அது அன்றைய மாவட்டத்தின் பெயராலும் அன்றைய அலுவலகத்தின் பெயராலும் இருக்கும்.

4. எந்தக் காலத்தைக் காட்டுவது என்ற முடிவு

இதை ஒரு கூட்டத்தில் பேசி, எழுதி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் தம் மனத்தில் உள்ள பழைய காலத்தைக் கட்டத் தொடங்குவார்.

தரங்கம்பாடிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கியது. அவர்களுடைய ஆளுநர் இருந்த இடம். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டது. பின்னர் பயணியர் விடுதி. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். மதுரையின் தமுக்கம் அரண்மனை ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆட்சியர்களின் குடியிருப்பானது. 1959-இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இப்படி அடுக்கடுக்காகப் பயன்பட்ட கட்டடத்தில் ஓர் அடுக்கை மட்டும் உண்மையானது என்று வைத்து மற்றவற்றைச் சுரண்டி எறிவது பெரும் இழப்பு. திருமலை நாயக்கர் மகாலில் மாவட்ட நீதிமன்றம் நெடுங்காலம் இயங்கியது என்பதை அங்கே நிற்கும் பார்வையாளர் தாமாக ஊகிக்க முடியாது.

என் கருத்தில் பாதுகாப்பான விதி இதுதான்: கட்டடத்துக்குத் தீங்கு செய்யாத எந்தப் பிற்கால மாற்றத்தையும் நீக்க வேண்டாம். தீங்கு செய்பவற்றை, அதாவது சுவரோடு ஒட்டிக் கட்டிய கழிப்பறை, காற்றோட்டத்தை அடைத்த ஒட்டுப்பலகைத் தடுப்பு, கைபிடிச் சுவரின் மேல் ஏற்றிய தண்ணீர்த் தொட்டி போன்றவற்றைப் படமெடுத்துவிட்டு நீக்கலாம். நீக்கியதற்கான காரணத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

5. தண்ணீரை வெளியே அனுப்புதல்

சுண்ணாம்பாலும் செங்கல்லாலும் ஆன கட்டடம் வெயிலைத் தாங்கும், கூட்டத்தைத் தாங்கும். தேங்கிய தண்ணீரைத் தாங்காது. பூச்சு, மரம், மின்கம்பி, காகிதம் என எல்லாக் கேட்டுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒழுகல் இருக்கும். ஆகவே நிதியில் முதல் ரூபாய் இங்கே செல்ல வேண்டும்.

மழை பெய்யும்போது குடையோடு கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்தக் குழாய் வாயில் தண்ணீர் வரவில்லை, எங்கே கைபிடிச் சுவரின் மேல் வழிகிறது, எங்கே சுவரடியில் தேங்குகிறது என்பதை வரைபடத்தில் குறியுங்கள். கோடையில் வரும் ஆலோசகரின் அறிக்கையைவிட ஒரு பெருமழை நாளின் குறிப்பு பயனுள்ளது.

சுவரடி ஈரத்துக்கு இரண்டு மூலங்கள் உண்டு. கீழ்ப்பகுதி முழுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு நனைந்து, மேல் விளிம்பில் உப்புப் பூத்திருந்தால், அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். ஓரிடத்தில் மட்டும் மேலிருந்து கீழாகப் படர்ந்திருந்தால், குழாய் அல்லது கூரைக் கசிவு. இதைப் பிரித்தறியாமல் சுவர் முழுவதும் நீர்காப்புப் பூச்சு அடிப்பவர்கள் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறார்கள். அது இன்னும் உயரமாக ஏறி வேறோர் அறையில் வெளிப்படும்.

ஓதத்துக்கு முதல் வைத்தியம் வெளியே இருக்கிறது. சாலையைத் திரும்பத் திரும்ப மேலே போட்டதால் வெளி மட்டம் உயர்ந்து, கட்டடத்தின் பீடம் மண்ணுக்குள் போயிருக்கும். 3-ஆம் படியில் எடுத்த மட்டக் கணக்கு இதைக் காட்டிவிடும். சுற்றிலும் மண்ணை எடுத்துப் பீடத்தை வெளிக்கொணர்ந்து, சுவரை ஒட்டிய சிமென்ட் தளத்தை நீக்கி, அந்தப் பட்டையில் ஜல்லி நிரப்பி, அதற்கப்பால் சரிவான வடிகால் அமைக்க வேண்டும். சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் இருந்தால், நிலத்தின் ஈரத்துக்கு ஆவியாக வேறு வழியில்லாமல் அது சுவர் வழியே ஏறும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் பிடுங்க வேண்டாம். வேர் செங்கற்களைக் கவ்விப் பிடித்திருக்கும். பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும். அமிலம் ஊற்றுவது அதைவிடக் கேடானது, ஏனெனில் அது வேரைத் தொடுவதற்கு முன் சுண்ணாம்பைத் தின்றுவிடும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லியைத் தடவி, வேர் பட்டுப்போன பிறகு அந்தப் பகுதியின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, வேரை நீக்கி, திரும்பக் கட்டுங்கள்.

6. மெட்ராஸ் டெரஸ் கூரை

இக்கட்டடங்களில் பலவற்றின் கூரை மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தது. தேக்குச் சரங்களின் (குறுக்குச் சட்டங்களின்) மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்காலாகச் சாய்வரிசையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கட்டையால் அடித்து இறுக்கி, அதற்கும் மேல் தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதித்திருப்பார்கள். செங்கல் சாய்வாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை; கட்டும்போது ஒரு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் சாய்ந்து பிடித்துக்கொள்ள அது உதவுகிறது.

வழக்கமான தவறு, ஒழுகும் கூரையின் மேல் சிமென்ட் கான்கிரீட் போடுவது. 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ கூடும். அந்தப் பாரம் முழுவதும் ஏற்கெனவே நனைந்து நலிந்த தேக்குச் சரங்களின் தலையில் விழுகிறது. பிளாஸ்டிக் போன்ற நீர்காப்புப் பூச்சு, பாரம் தராவிட்டாலும், தளத்துக்குள் உள்ள ஈரத்தை மேலே போகவிடாமல் தடுத்து மரத்தை நோக்கித் திருப்பிவிடும்.

முதலில் கீழிருந்து முட்டுக் கொடுங்கள். பிறகு சரங்களின் முனைகளைச் சோதியுங்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதியே முதலில் மக்கும், நடுப்பகுதி நன்றாகவே தோன்றும். குத்தூசி எளிதாக இறங்கினால், அல்லது சுத்தியால் தட்டும்போது ஓசை மந்தமாக இருந்தால் அந்த முனை போய்விட்டது. சரத்தையே மாற்றாமல், மக்கிய முனையை மட்டும் வெட்டி, பழைய தேக்கில் ஒட்டுப்போட்டு எஃகுத் தகட்டால் பிணைப்பது பெரும்பாலும் போதும்.

அதன் பின்பே மேல்தளத்தில் பிற்காலத்தில் போட்ட அடுக்குகளை நீக்கி, கெட்ட பகுதியை மட்டும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பால் திரும்பப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். மதிப்பீட்டில் இந்த அடிக்கும் கூலியைத் தனி இனமாகக் காட்டாவிட்டால், ஒப்பந்தக்காரர் அரைநாளில் அடித்து முடித்துவிடுவார்.

7. சிமென்டை நீக்கிச் சுண்ணாம்புக்குத் திரும்புதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் படி இது. சிமென்ட் வலிமையானது, ஆகவே நல்லது என்ற எண்ணமே தடுமாற்றத்தின் வேர். பழைய செங்கல் சுவர் ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் வெளிவிட்டுச் சமாளிக்கிறது. சிமென்ட் பூச்சும் அக்ரிலிக் வண்ணமும் அந்த மூச்சை அடைக்கின்றன. வெளியேற முடியாத ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பொரித்து உதிர்க்கிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அதே உப்பு பூச்சை உதிர்க்கும். பூச்சைத் திரும்பப் பூசலாம், செங்கல்லைத் திரும்பச் செய்ய முடியாது.

எதையும் கொத்துவதற்கு முன், சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் இட்டு நீற்றத் தொடங்குங்கள். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் சில வாரங்களாவது ஊற வேண்டும், மாதங்கள் என்றால் இன்னும் நல்லது. நீறாத துகள் சாந்தில் தங்கினால், பூசிய பிறகு சுவரிலேயே நீறி, உப்பி, சிறு குழிகளாகத் தெறித்து விழும். கொதிக்கும் வேலை என்பதால் தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. வேலையாட்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கடையில் மூட்டையில் கிடைக்கும் சுண்ணாம்புத் தூள் நெடுநாள் காற்றுப்பட்டுச் செத்துப்போயிருக்கலாம். வெள்ளையடிக்க அது உதவக்கூடும், சாந்துக்கு உதவாது. மெருகுப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வேண்டும் என்றால், அதைச் சுடும் இடத்தோடு மாதங்களுக்கு முன்பே பேசி வையுங்கள்.

கலவை விகிதத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் கட்டடத்திலிருந்தே எடுங்கள். மறைவான இடத்தில் பழைய சாந்தின் சில கட்டிகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், மணலின் பரும அளவும் சுண்ணாம்பின் பங்கும் செங்கல் தூள் கலந்திருக்கிறதா என்பதும் தெரியவரும். ஐ.ஐ.டி. சென்னையில் மரபுக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கான தேசிய மையம் இருக்கிறது. பொதுப்பணித்துறையிலும் மரபுக் கட்டடங்களைக் கவனிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. மதிப்பீடு தயாரிக்கும் கட்டத்திலேயே இவர்களைக் கலந்தால், டெண்டரின் இன விவரங்களில் சிமென்ட் நுழைவதைத் தடுக்கலாம். டெண்டரில் எழுதிய பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

வேலைக்கான பருவம் முக்கியம். பொங்கலுக்குப் பின் சிமென்ட் பூச்சைக் கையுளியால் நீக்கி, கோடை முழுவதும் சுவரைக் காயவிட வேண்டும். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டித் தாளில் சேர்த்து வெளியேற்றுங்கள். கழுவினால் அது கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதால், பிப்ரவரியில் கொத்திய சுவரை மார்ச்சுக்குள் பூசி, முடிந்த வேலையைப் பதியும் அளவீட்டுப் புத்தகத்தில் ஏற்றிவிடும் அவசரம் எல்லா இடத்திலும் வரும். நீக்குவதையும் பூசுவதையும் இரண்டு தனி ஒப்பந்தங்களாக, இரண்டு நிதியாண்டுகளில் வைப்பதே இதற்கு நான் கண்ட ஒரே வழி.

பூசும்போது சுவரை முந்தைய நாளே நனைத்து, மெல்லிய அடுக்குகளாக, ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்ததைப் போட வேண்டும். நேர்வெயில் படாமல் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டுதான் கல்லாகிறது. அதற்கு ஈரமும் நேரமும் தேவை. ஒரே வாரத்தில் வெடித்து உரியும் பூச்சைப் பார்த்து, சுண்ணாம்பு இக்காலத்துக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் காயவைத்த வேகத்தை விசாரிப்பதில்லை.

வண்ணம் தீட்டுவதற்கு முன், கையளவு இடத்தில் பழைய பூச்சு அடுக்குகளைச் சிறு கத்தியால் படிப்படியாகச் சுரண்டி, எந்தெந்த நிறங்கள் வரிசையாக இருந்தன என்று பதிவுசெய்யுங்கள். அந்தப் படிக்கட்டு போன்ற சதுரத்தை மூடாமல் விட்டால், பின்னாளில் அதுவே நல்ல காட்சிப் பொருளாகும்.

8. மின்சாரமும் தீயும்

சுவரைக் கீறிக் குழாய் பதிக்க வேண்டாம். பழைய சாந்து அதிர்வில் தளர்ந்துவிடும். கம்பிகளை வெளிக்குழாயில், மூலைகளையும் மரச் சட்டங்களையும் ஒட்டி, பிற்காலத்தில் கழற்றத்தக்கவாறு கொண்டுசெல்லுங்கள். பழைய இணைப்புகளை முழுவதும் துண்டித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே முறை.

2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் அரசு அலுவலகங்கள் இயங்கிய பழைய அரண்மனைக் கட்டடமான கலச மகால் தீயில் பெரிதும் சிதைந்தது. பின்னர் பொதுப்பணித்துறை அதை மீட்டெடுத்தது. அலுவலகக் கோப்புகளும் மரக்கூரையும் ஒன்றாக இருக்கும் கட்டடத்தில் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மின்பலகை அறையில் ஒரு தாளும் இருக்கக் கூடாது. இரவில் காவலர் விளக்கைத் தவிர மற்ற மின்சுற்றுகள் துண்டிக்கப்பட வேண்டும். வெளியேறும் இரண்டாவது வழி பூட்டப்படாமல் இருக்க வேண்டும்.

9. அறைகளில் காட்சி அமைத்தல்

இப்போதுதான் கண்ணாடிப் பெட்டிகளின் முறை. சென்னையில் எழும்பூரின் பழைய காவல் ஆணையர் அலுவலகம் காவல் அருங்காட்சியகமாக 2021-இல் திறக்கப்பட்டது போல, அலுவலகத்தின் பணியும் காட்சிப் பொருளும் ஒன்றாக அமைந்தால் வேலை எளிது. அப்படி அமையாவிட்டாலும் சில அறைகளையாவது பெட்டிகள் இன்றி விடுங்கள். கருவூலத்தின் இரும்புக் கதவும் கனத்த சுவரும் உள்ள அறையில் நாணயப் பெட்டிகளை அடைத்தால், பார்வையாளர் நாணயத்தைப் பார்ப்பார், கருவூலத்தைப் பார்க்கமாட்டார்.

பெட்டிகளின் இடத்தை முடிவுசெய்வதற்கு முன் மாடித்தளத்தின் தாங்குதிறனைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் பெற வேண்டும். பள்ளிக் குழந்தைகள் ஒரே சாளரத்தருகே நெருங்கி நிற்கும் காட்சியை மனத்தில் வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். கல் சிற்பங்கள், இரும்புப் பெட்டகங்கள், கோப்பு அலமாரிகள் ஆகியவை தரைத்தளத்திலேயே இருக்கட்டும்.

வெளிச்சத்துக்கு அளவுண்டு; அதை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின் மேல் 50 லக்ஸுக்கு மேல் விழக் கூடாது. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கும் மரத்துக்கும் 200 லக்ஸ் வரை போகலாம். கல்லுக்கும் உலோகத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பழைய அலுவலகங்களின் உயரமான சாளரங்கள் எழுத்தர்கள் விளக்கின்றி எழுதுவதற்காக வைக்கப்பட்டவை என்பதால் பகலில் இதைவிடப் பல மடங்கு வெளிச்சம் வரும். சாளரத்தை அடைத்துவிட வேண்டாம். மரத்தட்டிச் சாளரமும் வெள்ளைத் திரையும் போதும், அல்லது காகிதத்தை உள்ளறைக்கு மாற்றலாம்.

பகலில் குளிரூட்டியை ஓட்டி மாலையில் நிறுத்துவது, ஓட்டாமலே இருப்பதைவிடத் தீங்கானது. ஈரப்பதம் நாள்தோறும் இறங்கி ஏறினால் மரமும் தோலும் காகிதமும் விரிந்து சுருங்கிப் பிளக்கும். இரவும் பகலும் ஓட்டப் பணமில்லை என்றால், காற்றோட்டமும் மின்விசிறியும் உள்ள அறையே மேல். எளிதில் கெடும் சில பொருள்களை மட்டும் இறுக்கமான பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்கலாம்.

சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கில் தவிர்க்க முடியாதது. பழைய படிகளை இடிக்காமல், அவற்றின் மேலோ பக்கத்திலோ மரத்தாலும் எஃகாலும் தனியே நிற்கும் பாதையை அமையுங்கள். அதையும் தலைவாசலிலேயே வையுங்கள். பின்வாசலில் வைத்தால் ஒருநாள் அது பூட்டப்பட்டுவிடும்.

விளக்கப் பலகைகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டக் கூடாது. தனித்து நிற்கும் சட்டங்களில் வைக்க வேண்டும். நின்றபடி படிப்பவர் ஐம்பது, அறுபது சொற்களுக்கு மேல் படிப்பதில்லை. முதல் வரி, அந்த அறையில் என்ன வேலை நடந்தது என்பதைச் சொல்லட்டும். திறப்பாளர்களின் பெயர்களுக்கு வாயிலில் ஒரு கல்வெட்டு போதும்.

10. திறந்த பிறகு

செப்டம்பர் முடிவதற்குள் மேல்தளத்தின் நீர்வாய்களையும் குழாய்களையும் சுத்தம் செய்து, முளைகளைக் கிள்ளி, தட்டோட்டின் இணைப்புகளைப் பார்த்துவிட வேண்டும். மழை முடிந்த ஜனவரியில் சுவர்களையும் சரங்களின் முனைகளையும் திரும்பச் சோதியுங்கள். கரையான், ராமபாணப் பூச்சி, பூஞ்சை ஆகியவற்றுக்கான பார்வை மாதந்தோறும் தேவை; பெட்டிகளின் அடியையும் படச்சட்டங்களின் பின்புறத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பழுதுபார்ப்பையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள்: எந்த அறை, எந்தச் சுவர், என்ன கலவை, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஊறியது, எந்தக் கொத்தனார் பூசினார், எந்த மாதம். அதன் ஒரு நகல் கட்டடத்திலும் மற்றொன்று பொதுப்பணித்துறைக் கோட்ட அலுவலகத்திலும் இருக்கட்டும், ஏனெனில் பொறுப்பிலிருக்கும் அதிகாரி மாற்றலாகிப் போகும்போது கட்டடத்தைப் பற்றிய நினைவும் அவரோடு போய்விடுகிறது.